யாருடைய விரல்?



இந்த மயிலாப்பூர் அரங்கிலிருந்து கடற்கரைப் பக்கம் போனால் காமராஜர் சாலையில் காவல்துறைத் தலைமையகம் நிற்கிறது. போலீசின் கையிலுள்ள பழைய ஆயுதங்களில் ஒன்று கைரேகை. அதற்குப் பின்னால் ஓர் அதிகாரியின் பதவி உயர்வுக் கதை இருக்கிறது.

அவர் எட்வர்ட் ஹென்றி, வங்காளத்தின் போலீஸ் ஐ.ஜி. 1897இல் கல்கத்தாவில் கைரேகைப் பிரிவு தொடங்கியபோது பொறுப்பில் இருந்தவர். 1900இல் தென்னாப்பிரிக்கா போனார். 1901இல் லண்டன் ஸ்காட்லாந்து யார்டில் குற்றப் புலனாய்வுக்குத் தலைவரானார். 1903இல் கமிஷனர். அவரோடு கப்பலேறிய முறைக்கு ‘ஹென்றி முறை’ என்றே பெயர். ரேகைகளை 1,024 அறைகளாகப் பிரிக்கும் கணக்கைப் போட்டவர் அஸிஸுல் ஹக். கூட உழைத்தவர் ஹேம் சந்திர போஸ். இருவரும் சப்-இன்ஸ்பெக்டர்கள். பெயர் மட்டும் மேலதிகாரிக்கு!

1906இல் டிரான்ஸ்வால் அரசு இந்தியர்களிடம் பத்து விரல் ரேகை கேட்டது. ஹென்றியின் புத்தகத்தைப் படித்த காந்தி, சட்டப்படி அதைக் குற்றவாளிகளிடம்தான் கேட்பார்கள் என்று அறிந்தார். போராட்டம் வெடித்தது. சிறை சென்றவர்களில் தமிழர்கள் ஏராளம். “நாங்கள் குற்றவாளிகளா?” என்ற அந்தக் கோபம் நியாயமானது. ஆனால் பிறப்பாலேயே குற்றவாளி என்று எழுதப்பட்டவர்கள் என்ன சொல்லிக் கோபப்படுவது?

1911ஆம் ஆண்டுக் குற்றப் பரம்பரைச் சட்டம் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. குற்றம் எதுவும் செய்யாமலே ரேகை பதிய வேண்டும். 1920 ஏப்ரல் 3 அன்று, மறுத்து நின்ற பெருங்காமநல்லூர் மக்களைப் போலீஸ் சுட்டது. மாயக்காள் உள்ளிட்டோர் மாண்டார்கள். அந்தத் தியாகத்தைச் சாதிப் பெருமையாகச் சுருக்குவது அவர்களுக்குச் செய்யும் துரோகம். பிறப்பை வைத்துச் சந்தேகிக்கப்படும் எவருக்கும் அது சொந்தம்.

சட்டம் 1952இல் போனது. சந்தேகம் போனதா? 1993இல் திருட்டுப் பழி சுமத்தப்பட்டு, போலீஸ் காவலில் கொல்லப்பட்ட குறவர் ராசாக்கண்ணுவை ‘ஜெய் பீம்’ பார்த்த நாம் அறிவோம். 2022இல் வந்த குற்றவியல் நடைமுறை அடையாளச் சட்டமோ கைரேகையோடு கருவிழிப் பதிவையும் சேர்த்துக்கொண்டது. 75 ஆண்டுகள் சேமித்து வைக்கலாம்.

கணினிக்குச் சாதி தெரியாது என்பார்கள். கைது செய்யும் கைக்குத் தெரியும், தோழர்களே. தி.நகர் கடைவீதியில் ஒரு பர்ஸ் தொலைந்தால் முதலில் யாரை நிறுத்தி விசாரிக்கிறார்கள்? அந்த விரல்கள்தான் பதிவேட்டில் நிறையும். அடுத்த வழக்கிலும் அதே விரல்களைத்தான் தேடுவார்கள்.

அதிகாரிகள் வெளிநாடு போகட்டும், விருது வாங்கட்டும். நாம் கேட்க வேண்டியது ஒன்றுதான்: அந்தத் திறமை யாருடைய விரலை அழுத்திப் பழகியது?