சாவி யார் கையில்?

(மும்பையில் நம் சங்கத்தின் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில், ரயில்வே எழுத்தராகப் பணியாற்றும் அமைப்பாளர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)



கூலி உயர்வு, ரேஷன் கார்டு, குழாய்த் தண்ணீர் என்று பேசிப் பழகிய இந்த மேடையில் இன்று மெயிலைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். 'அது ஆபீஸ் பாபுக்களின் சங்கதி ஆயிற்றே, தோல் பட்டறைக்காரனுக்கும் இட்லி வியாபாரிக்கும் அதில் என்ன வேலை?' என்று சிலர் நினைக்கலாம். உங்கள் பையில் இருக்கும் போனைக் கொஞ்சம் எண்ணிப் பாருங்கள். பெரும்பாலானவர்களிடம் இருப்பது ஆண்ட்ராய்டு போன். அதை வாங்கிய அன்றே கடைக்காரர் ஒரு ஜிமெயில் ஐடி போட்டுத்தான் கொடுத்திருப்பார். ஆயுளில் ஒரு மெயில்கூட எழுதாதவருக்கும் இன்று மெயில் ஐடி இருக்கிறது!

அது என்னென்ன வேலைக்குப் போகிறது? ஊருக்குப் போக ஐ.ஆர்.சி.டி.சி.யில் டிக்கெட் எடுக்க மெயில் ஐடி. பிள்ளையின் கல்லூரி விண்ணப்பத்துக்கு மெயில் ஐடி. பாங்கு கணக்கிலும் அதைத்தான் எழுதி வைக்கிறார்கள். ஆதார் கார்டையும் பாங்கு பாஸ்புக்கையும் படம் எடுத்து மெயிலில்தான் அனுப்புகிறோம். கடிதம் போட வந்த பெட்டி, வீட்டுச் சாவிக்கொத்தை மாட்டும் ஆணியாகிவிட்டது. அந்த ஆணி யார் வீட்டுச் சுவரில் அடித்திருக்கிறது என்பதுதான் என் கேள்வி.

எங்கள் ரயில்வே பார்சல் ஆபீஸில் ஒரு நடைமுறை உண்டு. சரக்கை அனுப்பியதும் ரயில்வே ரசீது கொடுப்போம். போய்ச் சேரும் ஸ்டேஷனில் அந்த ரசீதைக் கொண்டுவந்து கொடுத்தால்தான் சரக்கை ஒப்படைப்பார்கள். ரசீதை எவனாவது தட்டிக்கொண்டு போய்விட்டால் சரக்குக்கே ஆபத்து. மெயிலும் அப்படித்தான். எந்தக் கணக்கிலும் 'பாஸ்வேர்டு மறந்துவிட்டது' என்று அழுத்தினால், புது பாஸ்வேர்டு போடும் வழி பெரும்பாலும் மெயிலுக்குத்தான் வருகிறது. மெயில் யார் கையில் இருக்கிறதோ, அவர் உங்கள் மற்றக் கணக்குகளையும் ஒவ்வொன்றாகத் திறந்துவிட முடியும்.

இந்த வசதி நமக்கு எப்படி வந்தது என்று பார்ப்போம். 1996 ஜூலை 4ஆம் தேதி ஹாட்மெயில் தொடங்கியது. அதை ஆரம்பித்த இருவரில் ஒருவர் பெங்களூரில் வளர்ந்த சபீர் பாட்டியா, மற்றவர் ஜாக் ஸ்மித். அதுவரை மெயில் என்றால் வேலை பார்க்கும் ஆபீஸோ, பணம் கட்டி இணைப்பு வாங்கும் கம்பெனியோ கொடுக்க வேண்டும். இனி உலகில் எந்தக் கம்ப்யூட்டரில் உட்கார்ந்தும் இலவசமாகப் பார்க்கலாம் என்றானது. ஊர் விட்டு ஊர் பிழைக்கப் போகிற நம்மைப் போன்றவர்களுக்கு அது பெரிய விஷயம். முகவரி மாறினாலும் மெயில் மாறாது. 2004 ஏப்ரல் 1ஆம் தேதி ஜிமெயில் வந்தது. மற்றவர்கள் சில எம்.பி. இடம் கொடுத்துக்கொண்டிருந்தபோது, அது 1 ஜி.பி. கொடுத்தது. இன்று 15 ஜி.பி. கொடுக்கிறார்கள்.

தோழர்களே, எந்த முதலாளியும் தர்மத்துக்குச் சத்திரம் கட்டுவதில்லை. இந்தச் சத்திரத்துக்கு வாடகை விளம்பரத்திலிருந்து வந்தது. நம் மெயிலில் உள்ள சொற்களை இயந்திரம் படித்து, அதற்கேற்ப விளம்பரம் காட்டியது. பலரும் எதிர்த்த பிறகு, விளம்பரத்துக்காக மெயிலை அலசுவதை நிறுத்துவதாக 2017 ஜூனில் கூகுள் அறிவித்தது. நல்லது. கேள்வி கேட்டால் பெரிய கம்பெனியும் இறங்கி வரும் என்பதை இதிலிருந்து குறித்துக்கொள்ளுங்கள்.

அதே 2017இல் ஜிமெயிலில் ஆட்-ஆன் என்ற வசதியும் வந்தது. மெயில் பெட்டியோடு வெளியார் செய்த துணைக்கருவிகளை ஒட்டவைத்துக்கொள்வது. ஒன்று பில் போடும், ஒன்று தேதியை நினைவூட்டும், ஒன்று குப்பை மெயிலைக் கூட்டித் தள்ளும். ஒட்டும்போது ஒரு கேள்வி வரும்: 'இந்தக் கருவி உங்கள் மெயிலைப் படிக்கலாமா, அனுப்பலாமா, அழிக்கலாமா?' நாம் படிக்காமலே 'சரி' என்று அழுத்திவிடுகிறோம். அழுத்தியதும் அந்தக் கருவிக்கு ஒரு டோக்கன் போகிறது. ஒற்றைப் பாதையில் டிரைவருக்கு டோக்கன் கொடுக்கிறோமே, அதுபோல. ஆனால் ரயில் டோக்கன் அடுத்த ஸ்டேஷனில் திரும்பி வந்துவிடும். இந்த டோக்கனை நாமாகக் கேட்டு வாங்காவிட்டால், மாதக்கணக்கில், வருடக்கணக்கில் அவர்களிடமே கிடக்கலாம்.

அதனால் என்ன நடக்கும் என்பதற்கு இரண்டு உதாரணம் சொல்கிறேன். குப்பை மெயிலை இலவசமாக ஒழித்துக் கட்டுகிறேன் என்று அமெரிக்காவில் அன்ரோல் மீ என்றொரு சேவை இருந்தது. லட்சக்கணக்கானவர்கள் பெட்டியைத் திறந்து கொடுத்தார்கள். அதை நடத்திய கம்பெனி, பெட்டியில் கிடந்த லிஃப்ட் டாக்ஸி ரசீதுகளைப் பொறுக்கி, பெயரை நீக்கிவிட்டு, அந்தத் தகவலைப் போட்டிக் கம்பெனியான ஊபருக்கு விற்றது என்று 2017 ஏப்ரலில் நியூயார்க் டைம்ஸ் அம்பலப்படுத்தியது. கூட்டிப் பெருக்க வந்தவன் வீட்டுக் கணக்கை விற்ற கதை!

இரண்டாவது, 2017 மே 3ஆம் தேதி நடந்தது. தெரிந்தவர் பெயரில் ஒரு மெயில் வந்தது: 'உங்களோடு ஒரு ஆவணத்தைப் பகிர்ந்திருக்கிறேன்.' அழுத்தினால், 'கூகுள் டாக்ஸ்' என்ற பெயரில் ஒரு போலிக் கருவி அனுமதி கேட்டது. பாஸ்வேர்டு எதுவும் கேட்கவில்லை. 'சரி' என்றவர்களின் பெட்டியிலிருந்த முகவரிகளுக்கெல்லாம் அதே மெயில் கிளம்பியது. கூகுள் ஒரு மணி நேரத்துக்குள் அடக்கிவிட்டதாகச் சொன்னது. ஆகவே, 'நான் யாருக்கும் பாஸ்வேர்டு சொல்ல மாட்டேன்' என்பது மட்டும் போதாது. யாருக்கு 'சரி' சொல்கிறோம் என்பதும் முக்கியம்.

இப்போது மெயிலைச் சுருக்கிச் சொல்ல ஜெமினி என்ற செயற்கை அறிவு வந்திருக்கிறது. இங்கிலீஷ் மெயிலைப் பார்த்துத் திணறுபவருக்கு இது உதவிதான், மறுக்கவில்லை. ஆனால் கண்ணுக்குத் தெரியாத வெள்ளை எழுத்தில் மெயிலுக்குள் கட்டளையை ஒளித்து வைத்து, அந்தச் சுருக்கத்திலேயே பொய் எச்சரிக்கையை வரவழைக்க முடியும் என்று 2025இல் பாதுகாப்பு ஆய்வாளர்கள் காட்டினார்கள். கடிதம் படித்துச் சொல்பவரையே எதிராளி ஏமாற்றுவது போல! சுருக்கத்தில் வரும் போன் நம்பரை நம்பிக் கூப்பிடாதீர்கள்.

அமெரிக்கக் கதை போதும், நம் தெருவுக்கு வருவோம். இங்கே பெரிய ஆபத்து, கடைக்காரரும் மேஸ்திரியும் போட்டுக் கொடுத்த ஐடி. 'அண்ணே, உங்களுக்கு எதுக்கு அந்தத் தலைவலி, பாஸ்வேர்டு என்கிட்டயே இருக்கட்டும்' என்கிறார்கள். பாஸ்வேர்டு மறந்தால் மீட்க வேண்டிய இடத்தில் தங்கள் போன் நம்பரையே போட்டுவிடுகிறார்கள். எல்லாரும் கெட்டவர்கள் என்று நான் சொல்லவில்லை. அவர் நல்லவராகவே இருக்கட்டும். நாளை கடையை மூடிவிட்டுப் போனால்? மேஸ்திரியோடு கூலித் தகராறு வந்தால்? உங்கள் சாட்சியங்கள் எல்லாம் அவர் திறக்கும் பெட்டியில் இருக்குமே!

இன்னொன்று. ஊருக்குப் போனால் ஒரு சிம், இங்கே வந்தால் ஒரு சிம் என்று மாற்றுகிறோம். ரீசார்ஜ் செய்யாமல் விட்டுத் துண்டித்துப்போன நம்பர், 90 நாள் கழித்து வேறொருவருக்குப் போய்விடலாம். மெயிலை மீட்கும் சாவி முகம் தெரியாதவர் கையில்!

எனவே ஒவ்வொரு குடும்பமும் இந்த ஐந்து காரியத்தைச் செய்ய வேண்டும்.

ஒன்று: கணக்கை மீட்கும் இடத்தில் உங்கள் நம்பரோ, வீட்டில் நம்பிக்கையான ஒருவர் நம்பரோ இருக்கட்டும். அடுத்தவர் நம்பரை நீக்கி, பாஸ்வேர்டை மாற்றுங்கள்.

இரண்டு: இரண்டு அடுக்குப் பூட்டைப் போடுங்கள். பாஸ்வேர்டு தெரிந்தவனும் உங்கள் போன் இல்லாமல் உள்ளே வருவது கடினம். கூடவே கூகுள் 10 மாற்று எண்கள் தரும். ஒவ்வொன்றும் ஒரு தடவைக்கு. அதைத் தாளில் எழுதி ரேஷன் கார்டோடு வையுங்கள். போன் தொலைந்தால் கைகொடுக்கும்.

மூன்று: எந்தெந்தக் கருவிக்கு அனுமதி கொடுத்திருக்கிறீர்கள் என்ற பட்டியல் கணக்கிலேயே இருக்கிறது. தெரியாததை நீக்குங்கள். எந்தெந்தப் போனில், கம்ப்யூட்டரில் உங்கள் மெயில் திறந்திருக்கிறது என்பதையும் பார்த்து, மற்றவற்றை வெளியேற்றுங்கள்.

நான்கு: உங்களுக்கு வரும் மெயிலின் நகல் வேறு முகவரிக்குப் போகும்படி யாராவது அமைத்திருக்கிறார்களா என்று செட்டிங்ஸில் பாருங்கள். பாஸ்வேர்டை மாற்றினாலும் இது தானாக நிற்காது.

ஐந்து: 2 வருடம் தொடாமல் கிடக்கும் கணக்கை அழிக்கலாம் என்பது 2023இல் கூகுள் அறிவித்த விதி. அவ்வப்போது திறந்து பாருங்கள்.

பணம் போய்விட்டால் வெட்கப்பட்டு உட்கார வேண்டாம். உடனே 1930க்குப் போன் செய்யுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ, அவ்வளவுக்குப் பணத்தைத் தடுத்து நிறுத்த வழி உண்டு. அடுத்தவர் பாஸ்வேர்டை மோசடியாகப் பயன்படுத்துவது தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66சி பிரிவில் குற்றம். 3 வருடம் வரை சிறை, 1 லட்சம் ரூபாய் வரை அபராதம்.

இதெல்லாம் தனி ஆள் செய்யும் காரியம் என்று விட்டுவிடக் கூடாது. நாள் முழுக்கத் தையல் மிஷினில் குனிந்திருக்கும் சகோதரி எந்த நேரத்தில் செட்டிங்ஸைத் தேடுவார்? ஆகவே, ஞாயிறுதோறும் சங்க அலுவலகத்தில் ஒரு மேசை போட வேண்டும் என்று முன்மொழிகிறேன். பத்தாவது படித்த நம் பிள்ளைகள் வழி காட்டட்டும். பாஸ்வேர்டை மட்டும் உரியவரே தன் விரலால் அடிக்கட்டும். சங்கத்துக்காரர் உட்பட யாரும் அதைக் கேட்கவோ எழுதி வைக்கவோ கூடாது. கணக்கின் சாவியைத் தொழிலாளியிடமே ஒப்படைக்க வேண்டும் என்று மேஸ்திரிகளிடமும் காண்டிராக்டர்களிடமும் சங்கமாகப் போய்க் கேட்போம். ஒருவர் கேட்டால் முறைப்பார்கள், நூறு பேர் கேட்டால் கொடுப்பார்கள்.

வேலை நேரத்துக்கும் கூலிக்கும் போராடிய நாம், நம் பெயரில் உள்ள பெட்டியின் சாவியையும் கேட்டு வாங்குவோம். வரும் ஞாயிறு, போனோடு வாருங்கள்.