மாட்டுக்குக் கோதுமை: அளவு தெரிஞ்சு வைப்போம்



மாட்டுத் தீவனம் பத்திப் பேசச் சொன்னாங்க. நான் பட்டுத் தெரிஞ்சுக்கிட்டதையே சொல்றேன்.

2024 நவம்பர் 30-ஆம் தேதி ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தது எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். என் வைக்கோல் போர் மொத்தமும் நனைஞ்சு போச்சு. மழைக்காலம், உப்பளத்திலும் வேலை இல்லை. குழுக் கடனில் வாங்கின கறவை மாட்டுப் பால்தான் வீட்டுச் செலவுக்கு. மாடு பசியில் கத்துதேன்னு, வண்டு விழுந்து கிடந்த கோதுமையை அரைச்சு, கஞ்சி காய்ச்சி, ஒரே வேளையில் 5 கிலோ வச்சுட்டேன். அதுவும் ஆசையாக் குடிச்சுது.

மறுநாள் மாடு அசை போடலை. இடது பக்க வயிறு உப்பியிருந்தது. சாணி தண்ணியா, புளிச்ச நாத்தத்தோடு போச்சு. சாயங்காலம் படுத்துடுச்சு. டாக்டர் வந்து, “என்ன வச்சீங்கம்மா?”ன்னு கேட்டார். வெட்கப்பட்டு, “வழக்கமா வைக்கிறதுதான் சார்”னு சொல்லிட்டேன். அதில் நேரம் வீணாப் போச்சு. மாடு பிழைச்சுது. ஆனா அந்த ஈத்துக்குப் பால் வத்திப் போச்சு. கடன் தவணை வத்தலை.

அதுக்கப்புறம்தான் பசு சகி பயிற்சிக்குப் போனேன். காரணம் அங்கே புரிஞ்சுது. மாட்டோட முதல் வயிறு, வைக்கோலையும் புல்லையும் மெதுவாப் புளிக்க வைக்கிற பானை மாதிரி. கோதுமையில் இருக்கிற மாவுச்சத்து அதில் மளமளன்னு புளிக்கும். அமிலம் ஏறினா, செரிமானத்துக்கு உதவற நல்ல கிருமிகள் செத்துப்போகும். மாவா அரைச்சாலும் கஞ்சியாக் காய்ச்சினாலும் இன்னும் வேகமாப் புளிக்கும். பொங்கல் சோறு, கல்யாண வீட்டுச் சோறு தின்னு ஆடு மாடு சாகறதும் இதே நோயால்தான்.

அதுக்காகக் கோதுமையே ஆகாதுன்னு இல்லை. சத்துள்ள தானியம்தான். 10 கிலோ தீவனம் கலக்க ஒரு கணக்கு: குருணையா உடைச்ச கோதுமை 2 கிலோ, உடைச்ச மக்காச்சோளம் 1 கிலோ, கடலைப் பிண்ணாக்கு 3 கிலோ, தவிடு 3 கிலோ 700 கிராம், தாது உப்புக் கலவை 200 கிராம், சாப்பாட்டு உப்பு 100 கிராம். நம்ம மரக்காணம் உப்பு இருக்கேன்னு தாது உப்பை விட்டுடாதீங்க. தவிட்டில் சுண்ணாம்புச் சத்து குறைவு. அதைத் தாது உப்புதான் ஈடு கட்டும்.

மாட்டு உடம்புக்கு ஒன்றரை கிலோ, அதுக்கு மேல கறக்கிற ஒவ்வொரு இரண்டரை லிட்டர் பாலுக்கும் 1 கிலோ. 5 லிட்டர் கறக்கிற மாட்டுக்கு நாளைக்கு மூன்றரை கிலோ, ரெண்டு வேளையாப் பிரிச்சு வைக்கணும். அதில் கோதுமை 700 கிராம்தான் வரும். நான் வச்சது எவ்வளவுன்னு நீங்களே பார்த்துக்குங்க!

புதுசாக் கோதுமை சேர்க்கிறவங்க ஒரு பிடியில் ஆரம்பிச்சு, ரெண்டு வாரத்தில் முழு அளவுக்கு வரணும். முதலில் வைக்கோல், பிறகுதான் தீவனம். பூஞ்சை பிடிச்ச கோதுமையைத் தொடவே வேண்டாம். அந்த நஞ்சு பாலிலும் இறங்கும். ஆடு கன்னுக்கு எட்டற இடத்தில் தானிய மூட்டையை வைக்காதீங்க.

தப்பித் தவறி நிறையத் தின்னுட்டா, படுக்கட்டும் பார்க்கலாம்னு காத்திருக்காதீங்க. மிச்சத் தானியத்தை எடுத்துட்டு, காய்ஞ்ச வைக்கோல் மட்டும் போடுங்க. நாக்கைப் பிடிச்சு இழுத்து எதையும் ஊத்தாதீங்க, நுரையீரலுக்குப் போயிடும். உடனே 1962-க்குப் போன் பண்ணுங்க. என்ன தின்னுது, எவ்வளவு, எத்தனை மணிக்குன்னு ஒளிக்காமச் சொல்லுங்க. நான் அன்னைக்கு வெட்கப்பட்டேன். நீங்க யாரும் வெட்கப்பட வேண்டாம்.