மனச்சான்று உரிமையும் குவேக்கர்களின் வாதங்களும்

(கட்சிக் கல்வி வகுப்பொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பொருள்முதல்வாதிகளாகிய நாம், 17ஆம் நூற்றாண்டின் கிறித்தவப் பிரிவொன்றைப் பற்றி ஏன் பேச வேண்டும் என்ற ஐயம் உங்களுள் சிலருக்கு எழக்கூடும். நியாயமான ஐயமே. ஒருவரது நம்பிக்கையில் அரசு தலையிடலாகாது என்னும் கோட்பாட்டை எந்த மன்னரும் கருணையால் வழங்கிவிடவில்லை. சிறைக்கூடத்திலும் தூக்குமேடையிலும் நின்று மக்கள் அதற்காக வாதாடினார்கள். அவர்களுள் முன்வரிசையில் நின்றவர்கள் குவேக்கர்கள். அவர்களின் வாதங்கள் இன்றும் நமக்குப் பயன்படும் கருவிகள் என்பதைச் சொல்லவே இங்கு நிற்கிறேன்.

1649இல் இங்கிலாந்தில் முதலாம் சார்லஸ் மன்னரின் தலை துண்டிக்கப்பட்டது. ஆனால் முடியாட்சியை வீழ்த்தியவர்கள், தங்களுக்குத் துணைநின்ற ஏழை எளியோரின் கோரிக்கைகளை ஏற்கவில்லை. சமத்துவம் பேசிய இயக்கங்கள் ஒடுக்கப்பட்டன. அந்தச் சூழலில்தான், நெசவாளியின் மகனாகப் பிறந்து காலணித் தொழில் பயின்ற ஜார்ஜ் ஃபாக்ஸின் பின்னால் குவேக்கர்கள் திரண்டார்கள். சமநிலையாளர் இயக்கத்தின் தலைவர் ஜான் லில்பர்னும் தம் இறுதிக் காலத்தில் அவர்களோடு சேர்ந்தார்.

ஒவ்வொரு மனிதருக்குள்ளும் ஓர் அக ஒளி உண்டு என்பது அவர்களின் அடிப்படைக் கொள்கை. ஆகவே குருமார் தேவையில்லை. குருமாருக்குச் செலுத்தும் தசமபாக வரியும் தேவையில்லை. பெண்களும் எழுந்து போதிக்கலாம். நீதிமன்றத்தில் சத்தியப்பிரமாணம் செய்ய மறுத்தார்கள். பிரபுக்களின் முன் தொப்பியைக் கழற்ற மறுத்தார்கள். திருச்சபையின் வருவாயிலும் மேட்டுக்குடியினரின் அந்தஸ்திலும் ஒருசேரக் கைவைத்த இந்தக் கொள்கையை ஆளும் வர்க்கம் பொறுத்துக்கொள்ளுமா?

1662இல் குவேக்கர்களுக்கென்றே ஒரு சட்டம் இயற்றப்பட்டது. 1664இலும் 1670இலும், அரசுத் திருச்சபைக்குப் புறம்பான வழிபாட்டுக் கூட்டங்களைத் தடைசெய்யும் சட்டங்கள் வந்தன. 1670ஆம் ஆண்டுச் சட்டம், வசூலாகும் அபராதத்தில் மூன்றில் ஒரு பங்கைத் துப்புக் கொடுப்பவருக்கு வழங்கியது. அண்டை வீட்டாரைக் காட்டிக்கொடுப்பது வருவாய் தரும் தொழிலாயிற்று.

கடலுக்கு அப்பால், மாசசூசெட்ஸில் நடந்தது இன்னும் கொடியது. இங்கிலாந்தின் மத ஒடுக்குமுறைக்குத் தப்பிச் சென்ற தூய்மைவாதிகள் அங்கே ஆட்சி நடத்தினார்கள். அவர்களே 1659 முதல் 1661 வரை நான்கு குவேக்கர்களைப் பாஸ்டனில் தூக்கிலிட்டார்கள். அந்நால்வருள் ஒருவர் மேரி டயர் என்ற பெண்மணி. நாடு கடத்தப்பட்ட பின்னும், அந்தச் சட்டத்தை எதிர்ப்பதற்காகவே திரும்பி வந்து, 1660 ஜூன் 1 அன்று உயிர்விட்டார். நேற்று ஒடுக்கப்பட்டவர் இன்று அதிகாரம் பெற்றால் ஒடுக்குபவராக மாறக்கூடும் என்பதற்கு வரலாறு தரும் சான்று இது.

இனி அவர்களின் வாதங்களுக்கு வருவோம். 1670இல் நியூகேட் சிறையில் இருந்தபோது, மனச்சான்று உரிமையைப் பற்றி வில்லியம் பென் ஒரு நூல் எழுதினார். அதன் சாரத்தை என் சொற்களில் மூன்றாகத் தொகுக்கிறேன்.

முதலாவது, நம்பிக்கை அறிவின் இசைவால் உண்டாவது. தடியும் சிறையும் உடலை வளைக்கலாம். அறிவை இசையச் செய்ய மாட்டா. வற்புறுத்தலால் விளைவது பக்தி அன்று, பாசாங்கே. இரண்டாவது, மனத்துக்குள் எண்ணிக்கொள்ளும் சுதந்திரம் மட்டும் மனச்சான்று உரிமை ஆகாது. கூடவும் பேசவும் வெளிப்படையாக வழிபடவும் முடிந்தால்தான் அவ்வுரிமை முழுமை பெறும். மூன்றாவது, குடிமகனின் உடைமையும் உரிமையும் அவனது மதத்தைச் சார்ந்தவை அல்ல. மதத்துக்காக ஒருவன் சொத்தைப் பறிக்கும் அரசு தன் அடித்தளத்தையே தகர்த்துக்கொள்கிறது.

மற்றொரு குவேக்கரான ராபர்ட் பார்க்ளே, 1676இல் வெளிவந்த தம் நூலில் எல்லையையும் வகுத்தார். மனச்சான்றின் பெயரைச் சொல்லிப் பிறர் உயிருக்கோ உடைமைக்கோ தீங்கு செய்பவருக்கு இவ்வுரிமை அரண் ஆகாது. செயலின் தீங்கைத் தண்டிப்பது அரசின் வேலை. கருத்தை விசாரிப்பது அதன் வேலை அன்று.

இவ்வாதங்கள் ஏட்டோடு நின்றுவிடவில்லை. 1670 ஆகஸ்டில் லண்டன் கிரேஸ்சர்ச் தெருவில் வழிபாட்டுக் கூடத்தை அதிகாரிகள் அடைத்துவிட, பென் தெருவில் நின்றே பேசினார். அவரும் வில்லியம் மீடும் கைதானார்கள். நீதிமன்றம் அவர்கள் தலையில் தொப்பியை வைக்கச் செய்து, பிறகு அதைக் கழற்றவில்லை என்று அபராதம் விதித்தது! ஜூரிகளோ அவர்களைக் குற்றவாளிகள் எனத் தீர்ப்பளிக்க மறுத்தார்கள். உணவும் நீரும் இன்றி இரண்டு இரவுகள் அடைத்து வைத்தும் அவர்கள் பணியவில்லை. அபராதம் கட்ட மறுத்துச் சிறை சென்ற எட்வர்ட் புஷெல் என்ற ஜூரியின் வழக்கில்தான், தீர்ப்புக்காக ஜூரிகளைத் தண்டிக்க முடியாது என்ற விதி நிலைபெற்றது. குவேக்கர்களின் மதத்தைச் சாராத குடிமக்கள் காட்டிய உறுதி அது.

குறைகளையும் மறைக்க வேண்டியதில்லை. பென் நிறுவிய பென்சில்வேனியாவில் ஆட்சிப் பதவிகள் கிறித்தவர்களுக்கு மட்டுமே. கடவுள் மறுப்பாளருக்கு உரிமைப் பாதுகாப்பு இல்லை. பென்னே அடிமைகளை வைத்திருந்தார். ஆனால் அதே மண்ணில், 1688இல் ஜெர்மன்டவுன் ஊரில் சிலர் அடிமைமுறைக்கு எதிராக ஒரு கண்டனம் எழுதினார்கள். இங்கே மனச்சான்றுக்கு விடுதலை உண்டெனில், உடலுக்கும் விடுதலை வேண்டாமா என்பது அவர்கள் எழுப்பிய கேள்வி. ஃபிலடெல்பியாவின் குவேக்கர் பேரவை, அடிமை வைத்திருப்பதைத் தன் உறுப்பினர்களுக்குத் தடைசெய்தது 1776இல்தான். ஒரு கொள்கையை அதன் தர்க்க முடிவுவரை இட்டுச் செல்லவும் போராட்டம் தேவைப்படுகிறது.

தோழர்களே, அரசைப் பொறுத்தவரை மதம் தனிமனிதரின் சொந்த விவகாரமாக இருக்க வேண்டும் என்று 1905இல் லெனின் எழுதினார். மூடநம்பிக்கையைக் கருத்தால் எதிர்ப்போம். காவலரைக் கொண்டு எதிர்க்க மாட்டோம் என்பதே நம் நிலை. நமது அரசியலமைப்பின் 25ஆவது பிரிவும் மனச்சான்றுச் சுதந்திரத்தை எல்லோருக்கும் சமமாக உறுதிசெய்கிறது. கேரளத்தில் தேசிய கீதம் பாடாமல் மரியாதையோடு எழுந்து மட்டும் நின்றதற்காகப் பள்ளியிலிருந்து நீக்கப்பட்ட, யெகோவாவின் சாட்சிகள் பிரிவைச் சேர்ந்த மூன்று குழந்தைகளை மீண்டும் சேர்த்துக்கொள்ளுமாறு 1986இல் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. தொப்பியைக் கழற்ற மறுத்தவர்களின் வாதம், மூன்று நூற்றாண்டு கடந்து நம் நீதிமன்றத்திலும் வென்றது எனலாம்.

ஆனால் இன்று உத்தரப் பிரதேசத்தில் மதம் மாற விரும்புபவர் 60 நாட்களுக்கு முன்பே மாவட்ட ஆட்சியருக்கு அறிவிக்க வேண்டும். அவரது உண்மையான நோக்கம் என்னவென்று காவல்துறை விசாரிக்கும். மனச்சான்றைக் காவல் நிலையத்தில் விசாரிக்க முடியுமா என்ற பழைய கேள்வி, இதோ நம் வாசலில் நிற்கிறது.

நம் நம்பிக்கையைப் பகிராதவர் ஒடுக்கப்படும்போது நாம் என்ன செய்கிறோம் என்பதில்தான் நமது ஜனநாயகப் பற்று சோதிக்கப்படுகிறது. பசியோடு இரண்டு இரவுகள் உறுதியாக நின்ற அந்த ஜூரிகள் நமக்குக் காட்டிய வழி அதுவே. அவ்வழியில் நடப்போம்.