செப்பேடும் ஒலிநாடாவும்



திருமலைக் கோயிலில், உண்டியலுக்கு எதிரே, கற்சுவர் கொண்ட சிறிய அறை ஒன்று உண்டு. சங்கீர்த்தன பண்டாரம் என்று அதற்குப் பெயர். தரிசனம் முடித்து வரும் கூட்டத்தில் பலரும் அதனைக் கவனியாமலே கடந்து விடுகின்றனர். தாளப்பாக்கம் அன்னமாச்சாரியாரும் அவர்தம் வழியினரும் இயற்றிய கீர்த்தனங்கள் பொறித்த செப்பேடுகள், இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவை, அவ்வறையில் பல நூற்றாண்டுகள் கிடந்தன. 1920களில் அவை வெளிவந்தபோது சொற்கள் கிடைத்தன. பாட்டுக்குரிய ராகத்தின் பெயரும் கிடைத்தது. மெட்டு மட்டும் கிடைக்கவில்லை. செம்பு சொல்லைக் காக்கும். ஒலியைக் காக்க அதனால் இயலாது. ராள்ளபல்லி அனந்தகிருஷ்ண சர்மா முதலிய வித்துவான்கள் புதிதாக மெட்டமைத்த பின்னரே அவற்றுட் பல கச்சேரி மேடை ஏறின.

சித்தூரிலும் திருப்பதியிலும் வாழும் நம் தமிழ்க் குடும்பங்கள் இக்கதையை நன்கு அறியும். நான் சொல்ல வந்தது வேறொரு பண்டாரத்தின் கதை. அதில் கிடந்தது பக்திப் பாடலன்று. மின்சாரத்தால் பிறந்த இசை.

அகமதாபாத் நகரில் 1961ஆம் ஆண்டு தேசிய வடிவமைப்பு நிறுவனம் தோன்றியது. அதனை நிறுவியவர்களோடு உடன்பிறந்த கீதா சாராபாய் அம்மையார் பக்கவாஜ் பயின்றவர். 1946இல் நியூயார்க் சென்றிருந்த காலத்தில், அமெரிக்க இசைப் புலவர் ஜான் கேஜுக்கு நம் சங்கீதத்தைக் கற்பித்து, அவரிடமிருந்து மேல்நாட்டுப் புதிய இசையைக் கற்றுக்கொண்டார். அந்த நட்பின் தொடர்ச்சியாக, 1969இல் கேஜின் நெருங்கிய துணைவர் டேவிட் டியூடர், மோக் என்னும் சிந்தசைசர் கருவியுடன் அகமதாபாத் வந்து, அந்நிறுவனத்தில் மின்னணு இசைக் கூடம் ஒன்றை அமைத்தார். தந்தியும் இல்லை, துளையும் இல்லை, தோலும் இல்லை. மின் அதிர்வை எழுப்பி, வேண்டாத பகுதியை வடிகட்டி, ஒலிபெருக்கியின் வழியே நாதமாக்கும் கருவி அது. கீதா அம்மையாரோடு ஐ. எஸ். மாத்தூர், அதுல் தேசாய், எஸ். சி. சர்மா, ஜின்ராஜ் ஜோஷிபுரா ஆகியோர் அங்கே இசை அமைத்தனர். 1972 வரையிலான அவர்கள் ஆக்கங்கள் ஒலிநாடாவில் ஏறின. பின்னர் கூடம் ஓய்ந்தது. நாடாக்கள் நிறுவனத்தின் சேமிப்பிலேயே தங்கிவிட்டன. 2017இல் பிரிட்டனைச் சேர்ந்த இசைஞர் பால் பர்கஸ் அவற்றைக் கண்டறிந்தார். 2023இல் அவை இசைத்தட்டாக வெளிவந்தன. உலகம் அவற்றைக் கேட்க ஐம்பது ஆண்டுகள் ஆயின.

மின்சாரக் கருவியில் ராகம் அமையுமா என்று ஐயுறுவோர் இன்றும் உளர். அந்த ஐயம் பொருளற்றதன்று. கட்டைக்குக் கட்டை தாவும் ஆர்மோனியத்தில் கமகம் பேசாது என்பதனால் அல்லவா, 1940 முதல் 1971 வரை நமது வானொலி அக்கருவியைத் தன் நிலையத்துக்குள் அனுமதிக்கவில்லை! ஆனால் மின் அதிர்வு கட்டைக்குக் கட்டுப்பட்டதன்று. ஒரு சுரத்திலிருந்து மறு சுரத்துக்கு அதனை இழைத்துச் செல்ல முடியும். இதனை நன்கு உணர்ந்தவர், பம்பாய்த் திரையிசை வாத்தியக் கலைஞர் சரண்ஜித் சிங். 1982இல் ரோலண்ட் கம்பெனியின் மூன்று கருவிகளைக் கொண்டு, பைரவி முதலிய பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தின்மேல் அமர்த்தி ஓர் இசைத்தட்டுச் செய்தார். தாளப் பொறி ஒன்று; சுரங்களை இழைத்து இசைக்கும் கருவிகள் இரண்டு. தட்டு விற்கவில்லை. அதே கருவிகளிலிருந்து 1987இல் சிகாகோ இளைஞர்கள் எழுப்பிய ஒலி ‘ஆசிட் ஹவுஸ்’ என்ற பெயரில் மேனாடுகளைக் கலக்கியது. பம்பாய்த் தட்டு அதற்கு ஐந்தாண்டு மூத்தது என்பதை, 2010இல் ஒரு டச்சு அன்பர் மறுவெளியீடு செய்த பின்னரே உலகம் கண்டது. எழுபது வயதில் சரண்ஜித் சிங் ஐரோப்பிய மேடைகளில் வாசித்தார்; 2015இல் மறைந்தார். சிகாகோவாசிகள் அவர் தட்டைக் கேட்டுக் கற்றனர் என்று சிலர் பெருமை பேசுகின்றனர். அதற்குச் சான்று இல்லை. முந்திச் செய்தார் என்பதே அவருக்குப் போதிய புகழ்.

பின்னர் வந்தவர்களுக்கு இத்துணைக் காத்திருப்பு நேரவில்லை. லண்டன் தபலா கலைஞர் தல்வின் சிங்கின் இசைத்தொகுப்பு 1999இல் மெர்க்குரிப் பரிசு பெற்றது. டில்லியின் மிடிவல் பண்டிட்ஸ் இருவரது முதல் தொகுப்பு 2002இல் அமெரிக்காவில் வெளியாயிற்று. கோவாவில் 2007இல் ‘சன்பர்ன்’ விழா தொடங்கியது. நம் பக்கத்திலோ, ‘புன்னகை மன்னன்’ படத்துக்கு 1986இல் இளையராஜா கணினியைத் துணைக்கொண்டார், ஏ. ஆர். ரகுமானின் இல்லத்துக் கூடத்திலிருந்து 1992இல் ‘ரோஜா’ வந்தது. 2009இல் அவர் இரண்டு ஆஸ்கார்களைக் கைக்கொண்டார்.

இங்கே ஒன்றைச் சொல்லாமற் செல்ல மனம் இசையவில்லை. சிற்றூர்க் கோயில்கள் பலவற்றில், தீபாராதனை வேளையில், மோட்டாரால் இயங்கும் முரசும் மணியும் தாமே அதிர்கின்றன. தவிலும் நாதசுரமும் நின்ற இடத்தில் இரும்புச் சட்டம் நிற்கிறது. இதையும் மின்சார இசை என்று எண்ணிவிடுவோர் உண்டு. அன்று. சரண்ஜித் சிங்கின் பொறிமுன் ஒரு வித்துவான் அமர்ந்திருந்தார். மோட்டார் முரசின் முன் எவரும் இல்லை. அங்கே முன்பு நின்றவருக்கு ஊதியமும் இல்லை.

இனி நம் வீடுகளுக்கு வருவோம். வேலையின் பொருட்டு வெளிமாநிலம் வந்த தமிழ்க் குடும்பங்களின் அலமாரிகளில், கலியாணக் கச்சேரியும், பாட்டியின் தாலாட்டும், சங்க விழாவில் பையன் ‘கீபோர்டு’ வாசித்ததும் கேசட்டுகளில் கிடக்கின்றன. ஒலியைத் தாங்குவது, பிளாஸ்டிக் நாடாவின்மேல் பூசிய இரும்பு ஆக்சைடு. ஈரத்தில் பூஞ்சை பிடிக்கும். பசை இளகினால் பூச்சு உதிரும். செப்பேட்டின் ஆயுளில் பத்தில் ஒரு பங்கும் அதற்கு இல்லை. அதனை ஓட்டும் பெட்டியும் கடைகளில் அரிதாகி வருகிறது. பெட்டி ஒன்று அகப்பட்டால், கணினியோடு இணைத்து, ஒரு மணி நேரக் கேசட்டைப் படியெடுக்க ஒரு மணி நேரமே ஆகும்.