தூங்கட்டும் என்று விடலாமா?



மூளையில் ரத்தக் குழாய் வெடித்து ஒருவர் ஆஸ்பத்திரியில் படுத்திருக்கிறார். இரவு 2 மணி. பக்கத்தில் அவர் மனைவி விழித்திருக்கிறார்.

நர்ஸ் வருகிறார். நோயாளியைத் தட்டி எழுப்புகிறார். 1 மணிக்கும் இப்படித்தான் எழுப்பினார்.

“பாவம், தூங்கட்டுமே சிஸ்டர்” என்கிறார் மனைவி.

“இது தூக்கந்தானா என்று பார்க்கத்தான் எழுப்புகிறேன் அம்மா” என்கிறார் நர்ஸ்.

இது என்ன பதில்? யோசித்துப் பாருங்கள்.

மண்டை ஓடு கெட்டியானது. விரிந்து கொடுக்காது. உள்ளே ரத்தம் கசிந்தால் மூளை நசுங்கும். சிலருக்கு முதல் நாளிலேயே கசிவு இன்னும் கூடும். அப்போது நோயாளி கத்த மாட்டார். மெல்ல மெல்ல நினைவு மங்கும். பார்ப்பவருக்கு அது நல்ல தூக்கம் போலத் தெரியும்.

அதனால்தான் நர்ஸ் எழுப்பிப் பார்க்கிறார். கண் திறக்கிறாரா? பேச்சு தெளிவாக இருக்கிறதா? சொன்னபடி கையைத் தூக்குகிறாரா? கண்ணுக்கு 4 மார்க். பேச்சுக்கு 5. அசைவுக்கு 6. மொத்தம் 15. முழு நினைவு இருந்தால் 15. ஆழ்ந்த மயக்கம் என்றால் 3. பிரிட்டனில் கிளாஸ்கோ நகர டாக்டர்கள் டீஸ்டேல், ஜென்னட் இருவரும் 1974-இல் இந்த முறையை வகுத்தார்கள். இதற்கு மெஷின் வேண்டாம்.

பிறகு கண்ணில் டார்ச் அடிக்கிறார். வெளிச்சம் பட்டால் கண் பாப்பா சுருங்க வேண்டும். ஒரு பாப்பா மட்டும் பெரிதாகி, சுருங்காமல் நின்றால் ஆபத்து. ரத்த அழுத்தம், நாடி, மூச்சு எல்லாம் பார்த்துத் தாளில் எழுதுகிறார். 15 இருந்த மார்க் 13 ஆனால் உடனே டாக்டரைக் கூப்பிடுவார்.

நர்ஸுக்குப் பல நோயாளிகள். எப்போதும் பக்கத்தில் இருப்பவர் உறவினர்தான். பேச்சு குழறுகிறதா? கை கால் திடீரென்று தளர்கிறதா? வாந்தி, வலிப்பு வருகிறதா? கூப்பிட்டால் எழவில்லையா? காத்திருக்காதீர்கள். உடனே சொல்லுங்கள். இன்னொன்று. நர்ஸைக் கேட்காமல் வாயில் தண்ணீரோ காபியோ ஊற்றாதீர்கள். விழுங்க முடியாவிட்டால் அது நுரையீரலுக்குள் போய்விடும்.

மணி இரண்டே முக்கால். மனைவி தானே கணவரைக் கூப்பிடுகிறார். முன்பு பேர் சொன்னவர் இப்போது முனகுகிறார். மனைவி நர்ஸிடம் ஓடுகிறார். டாக்டர் வருகிறார். ஸ்கேன் எடுக்கிறார்கள். கசிவு கூடியிருக்கிறது. உடனே சிகிச்சை தொடங்குகிறது.

3 மணி வரை அந்த அம்மா காத்திருக்கவில்லை. அந்தக் கால் மணி நேரம் பெரிது.