எண்ணெய் கலந்த நீரும் சிரட்டைக் கரியும்

நோர்வூட், மஸ்கெலியாப் பகுதித் தோட்டக் கான்களில் ஓடும் நீர் கெகல்கமு ஓயாவையோ மஸ்கெலி ஓயாவையோ சென்றடைகிறது. காசல்ரீ, மவுசாகலை நீர்த்தேக்கங்களை நிரப்பும் இவ்விரு ஓயாக்களும் பின்னர் கூடிக் களனி கங்கையாகின்றன. கொழும்பு மாநகர் அந்தக் கங்கையின் நீரையே பருகுகிறது. ஆகவே, தேயிலைத் தொழிற்சாலையில் டீசல் இயந்திரத்தையோ லொறியையோ கழுவிய நீர் எங்கே போகிறது என்பது ஒரு தோட்டத்தோடு முடியும் கேள்வியன்று. 2015 ஆகஸ்டில், களனியின் கீழ்ப்பகுதியில் பானத் தொழிற்சாலை ஒன்றிலிருந்து டீசல் கசிந்தபோது கொழும்பின் குடிநீர் விநியோகமே தடைப்பட்டது.

எண்ணெய்க் கிணறுகளில் இச்சிக்கல் பன்மடங்கு பெரிது. பெற்றோலியம் நிலத்தடியிலிருந்து தனியே வருவதில்லை. உப்புநீரும் உடன் வரும். முதிர்ந்த கிணறுகளில் எண்ணெயினும் நீரே மிகுதி. அங்கே கையாளப்படும் முறையின் சாரம் தோட்டத்துப் பட்டறைக்கும் பொருந்தும்.

மிதக்கும் எண்ணெயை, நீரைத் தொட்டியில் அசையாது நிறுத்தி வழித்தெடுக்கலாம். சவர்க்காரம் சேர்ந்துவிட்டாலோ எண்ணெய் நுண்துளிகளாகிப் பால்போற் கலங்கிவிடும். பிறகு அதைப் பிரிப்பது பெரும்பாடு. இயந்திரத்தைச் சவர்க்காரமிட்டுப் பளபளவெனக் கழுவுவோர் இதை அறிவதில்லை. இவற்றையும் தாண்டி நீரில் கரைந்து நிற்கும் எஞ்சிய எண்ணெய்க்கே புறத்துறிஞ்சல் வேண்டும். பஞ்சு நீரைத் தன்னுள் இழுப்பது அகத்துறிஞ்சல். ஒரு பொருளின் மேற்பரப்பில் மற்றொன்று ஒட்டிக்கொள்வது புறத்துறிஞ்சல். நீராவியாற் பதப்படுத்திய சிரட்டைக் கரி இதற்கு மிகச் சிறந்தது. இலங்கை அதை வெளிநாடுகளுக்கும் அனுப்புகிறது. அத்தகைய கரியில் ஒரு கிராமின் நுண்துளைகளை விரித்தால் ஏறக்குறைய 1,000 சதுர மீற்றர், அதாவது கால் ஏக்கர் தேயிலை நிலம்! ஆனால் மிதக்கும் எண்ணெயை நேரே அதன்மேல் ஊற்றினால் துளைகள் அடைபட்டு, விலையுயர்ந்த கரி வீணாகும்.

தேயிலைக் கழிவும் எண்ணெயைப் பற்றும் என ஆய்வுக்கூடச் சோதனைகள் காட்டியுள்ளன. எனினும் கழுவாத தூள் தன் சாயத்தை நீரில் இறக்கிவிடும். கழுவியோ கரியாக்கியோதான் பயன்படுத்தவேண்டும்.

உள்நாட்டு நீர்நிலைகளில் விடப்படும் ஆலைக் கழிவுநீரில் லீற்றருக்கு 10 மில்லிகிராமுக்கு மேல் எண்ணெய் இருத்தலாகாது என்பது இலங்கை விதி. நீர் அந்த அளவுக்குத் தெளிந்தாலும் எண்ணெய் மறைந்துவிடுவதில்லை. கரியிலும் தூளிலும் ஏறிக்கொள்கிறது, அவ்வளவே. அவற்றைத் தேயிலைச் செடியடியிற் கொட்டினால் மலைநாட்டு மழை ஒரே இரவில் மீண்டும் கானுக்குக் கொண்டுவந்துவிடும். கூரையின் கீழ், சீமெந்துத் தரையில், மூடிய பீப்பாயில் சேர்த்துவைத்து, அபாயக் கழிவுகளை ஏற்க அனுமதி பெற்றவர்களிடமே ஒப்படைக்கவேண்டும்.