கரப்பான் நோயும் நம் பிள்ளைகளும்

(ஆலயத் திருவிழாவையொட்டி ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



உடல்நலம் குறித்துப் பேசுமாறு பணித்தார்கள். நான் மருத்துவன் அல்லன். கரப்பான் நோயுற்ற ஒரு பிள்ளையின் தந்தை. மருத்துவர்கள் எக்ஸிமா எனக் கூறும் இந்நோயை, 'வெறும் அரிப்புதானே' என்று எண்ணுவோர் உளர். நானும் ஒரு காலத்தில் அவ்வாறே எண்ணினேன்.

பகல் எப்படியோ கழிந்துவிடும், இரவே கொடிது. புழுக்கம் மிகுந்த நம் நாட்டில் வியர்த்தாலே அரிப்பு மிகும். மகன் உறக்கத்திலேயே முழங்கால் மடிப்பைச் சொறிந்து புண்ணாக்கிவிடுவான். அவன் கைகளைப் பற்றியபடி என் மனைவி விடியும்வரை அமர்ந்திருப்பார். மறுநாள் அவன் வகுப்பில் தூங்கி விழுவான். சோம்பேறி என்று பெயர் வாங்குவான். நான் அலுவலகத்தில் எரிந்து விழுவேன். மூத்தவளுக்கோ, தன்னை எவரும் கவனிப்பதில்லை என்னும் மனக்குறை. ஒருவன் தோலில் தொடங்கியது நால்வர் வாழ்வையும் பற்றிக்கொண்டது.

வேல்ஸ் நாட்டில் லூயிஸ்-ஜோன்ஸ், பின்லே என்னும் இரு மருத்துவர்கள், தோல்நோயுற்ற சிறுவர்களுக்கென 1995இல் ஒரு வினாப் பட்டியலை வெளியிட்டனர். வினாக்கள் 10, புள்ளிகள் 30. சென்ற வாரம் அரித்ததா, வெட்கப்பட்டாயா, உறக்கம் கெட்டதா, பிறர் கேலி செய்தனரா என்று பிள்ளையையே கேட்பது அது. சிகிச்சை எவ்வளவு தொல்லையாக இருந்தது என்பதே இறுதி வினா. அது என்னைத் தைத்தது. நாள்தோறும் அவனை அமுக்கிப் பிடித்துக் களிம்பு பூசினோமே, ஒருநாளேனும் அவனைக் கேட்டோமா? குடும்பத்தார் படும் பாட்டை அளக்கவும் 1998இல் தனியொரு பட்டியல் வந்தது.

ஸ்டீராய்டு என்ற சொல்லுக்கு அஞ்சி நாங்களாகவே மருந்தை நிறுத்தியதும் உண்டு. நோய் முன்னிலும் சினந்து வந்தது. பின்னர், குளித்த ஈரம் உலருமுன் ஈரப்பதக் களிம்பும், சிவந்த இடத்தில் மட்டும் மருத்துவர் சொன்ன அளவில் மருந்தும் பூசக் கற்றோம். உறவினர் ஆளுக்கொரு பத்தியம் சொன்னதை இங்கு விவரிக்கப் புகுந்தால் பூஜைக்கு நேரமாகிவிடும்!

சில ஆண்டுகளுக்கு முன் ஓர் அன்னதானப் பந்தியில், அவன் கையைக் கண்ட ஓர் அம்மையார் தம் குழந்தையை வேறு இலைக்கு நகர்த்தினார். சிரங்கென்று கருதியிருப்பார். சொறிசிரங்கு ஒட்டும், கரப்பான் ஒட்டாது. தோலின் காப்புக்குத் தேவையான பிலக்ரின் என்னும் புரதத்தின் மரபணுக் குறைபாடு பலருக்கு இந்நோயை வரவழைக்கிறது என்பது 2006இல் தெரியவந்தது. மகனோ அதன்பின் ஈராண்டுகள் முழுக்கைச் சட்டையின்றிக் கோயிலுக்கு வரவில்லை.

இவ்வாண்டு இரத ஊர்வலத்திற்கு அரைக்கைச் சட்டையே போதும் என்கிறான். பந்தியில் அவனருகே இடமிருந்தால், தயங்காமல் வந்து அமருங்கள்.